பிறவித் தலைவர்களும் கடைசி பெஞ்சும்

சென்ற இதழில் ஒரு மெட்ரிக் பள்ளித் தாளாளர் எழுதிய கட்டுரைக்கு அரசுப் பள்ளியிலிருந்து யாரும் பதில் எழுதமாட்டார்கள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நாங்கள் பத்திரிகை படிப்பதில்லை, படித்தாலும் பேனா எடுப்பதில்லை என்ற எண்ணம் அந்தக் கட்டுரையில் வரிக்கு வரி தெரிகிறது. அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்துகொண்டே நாட்டு நலப்பணித் திட்ட (என்.எஸ்.எஸ்.) அலுவலராகவும் அலைந்தவன் நான். அவருடைய அந்த நிம்மதியைக் கெடுக்காமல் விட எனக்கு மனமில்லை.

அவர் சொல்வது இதுதான். அரசுப் பள்ளிப் பிள்ளை தமிழையே எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறது. அந்த லட்சணத்தில் அதற்கு எதற்கு இலக்கிய மன்றம், வானவில் மன்றம், சிறார் திரைப்படம், கலைத்திருவிழா, குழுத் தலைவர் பதவி? எல்லாம் பாடவேளையைத் தின்கிற கூத்து. தலைமைப் பயிற்சி என்பதே மேல்நாட்டுச் சரக்கு. ஏழைப் பெற்றோர் கேட்பது மதிப்பெண்ணை மட்டும்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, தலைமைக் குணம் பிறவியில் வரவேண்டும், பயிற்சி கொடுத்து வராது. இவற்றில் கடைசியாகச் சொன்னதுதான் விஷம். மற்றவை வெறும் அறியாமை என்பதால் அவற்றை முதலில் முடித்துவிடலாம்.

மேல்நாட்டுச் சரக்கு என்கிறாரே, 1789க்குப் போவோம். அந்த வருடம் சென்னை எழும்பூரில், கிழக்கிந்தியக் கம்பெனிப் படையினரின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியில் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் பொறுப்பேற்றார். ஒரு நாள் காலை குதிரையில் போகும்போது, ஒரு 'மலபார்' பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். (அந்தக் காலத்து வெள்ளைக்காரனுக்குத் தமிழனும் மலபார்க்காரன்தான்.) திரும்பி வந்து தன் பள்ளியின் அரிச்சுவடி வகுப்புக்கும் மணல் பரப்பச் சொன்னார். சம்பளம் வாங்கும் உதவி ஆசிரியர், இதெல்லாம் ஆகாது என்று கையை விரித்துவிட்டார். பெல் அவரோடு மல்லுக்கட்டவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு அந்த வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். அவன் அதிகாரி மகன் இல்லை, சாதாரணச் சிப்பாயின் மகன். நடத்திக் காட்டினான். பிறகு பள்ளி முழுவதும் பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாடு வந்தது. 1797இல் லண்டனில் பெல் இதைப் புத்தகமாகப் போட்டார். அங்கே இதற்கு நிலைத்த பெயர் 'மெட்ராஸ் முறை'. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் அவர் கொடுத்த பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றைக்கும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றுதான் பெயர். பெல்லை அடக்கம் செய்திருப்பது வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில். நம் திண்ணைப் பள்ளிகளில் மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் சட்டாம்பிள்ளை இதற்கெல்லாம் முன்பே இருந்தான். சரக்கு எந்தத் திசையில் கப்பலேறியது என்பதைத் தாளாளர் நிதானமாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

அதற்காகச் சட்டாம்பிள்ளையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நான் ஆடவில்லை. வாத்தியார் கண்ணயர்ந்தால் பிரம்பைக் கையில் எடுத்தவன் அவன். மெட்ராஸ் முறையை இங்கிலாந்தில் பணம் போட்டுப் பரப்பியவர்களுக்கும், நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒரே ஒரு வாத்தியார் சம்பளம் போதும் என்ற சிக்கனம் பிடித்துப்போயிருந்தது. அந்தச் சட்டாம்பிள்ளையின் வாரிசு இன்றும் நம் வகுப்புகளில் இருக்கிறான். அவன் பெயர் லீடர். ஆசிரியர் வராத பீரியடில் சாக்பீஸோடு பலகைக்குப் பக்கத்தில் நிற்பான். மேலே 'பேசியவர்கள்' என்று தலைப்பு, கீழே வரிசையாகப் பெயர்கள். திரும்பவும் வாயைத் திறந்தால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. அதற்கும் மசியாவிட்டால் 'அடங்கவில்லை'. வேண்டியவன் பேசினால் லீடருக்குக் காது கேட்காது. ஒரு கமர்கட்டுக்குப் பெயர் அழிந்ததும் உண்டு.

தாளாளர் இந்த லீடரைச் சாடியிருந்தால் நானே போய் அவர் கட்டுரைக்குக் கீழே கையெழுத்துப் போட்டிருப்பேன். அவர் சாடவில்லை. ஒழுங்குக்கு வகுப்புக்கு ஒரு லீடர் இருந்தால் போதும், மற்றதெல்லாம் வேண்டாத வேலை என்கிறார். அதாவது வேவு பார்க்க ஒரு பிள்ளை வேண்டும். கூட்டம் நடத்தவோ கணக்குப் பார்க்கவோ கேள்வி கேட்கவோ ஒரு பிள்ளையும் வேண்டாம்.

அடுத்தது பாடவேளை. எங்களுக்கு வாரத்துக்கு நாற்பது பீரியட். அதில் மன்றத்துக்கு விழுவது ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அதையும் போர்ஷன் முடியவில்லை என்று எங்களைப் போன்ற கணக்கு, அறிவியல் வாத்தியார்கள் கடன் வாங்கிவிடுகிறோம். பி.இ.டி. பீரியடைப் போலவே அந்தக் கடனும் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. இந்த ஒரு பீரியட்தான் நாட்டின் கல்வியைக் குட்டிச்சுவராக்குகிறது என்று பேச யாருக்கு அருகதை இருக்கிறது? பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை அப்படியே தாண்டிக் குதித்து, இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தையே உருப்போட வைத்த பள்ளிகள் யாருடையவை? இந்தத் தில்லுமுல்லுக்குக் கடிவாளம் போடத்தான் 2017-18இல் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வே கொண்டுவந்தார்கள். 2025-26இலிருந்து அது நீங்கிவிட்டது. பழைய வித்தை எங்கெல்லாம் திரும்ப முளைக்கிறது என்று பார்க்கத்தானே போகிறோம். ஒரு வருடத்துப் பாடத்தை முழுசாக விழுங்கியவர்கள், வாரத்துக்கு முக்கால் மணி நேர மன்றத்தைப் பார்த்து 'ஐயோ, பாடம் போச்சே' என்று மாரடிப்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

அதுவும் போகட்டும். மன்றத்தில் பாடம் இல்லை என்று அவருக்கு யார் சொன்னது?

எங்கள் பள்ளியில் ஒரு பையன். அரையாண்டுக் கணக்குத் தேர்வில் ஒற்றை இலக்கத்தைத் தாண்டாதவன். என்.எஸ்.எஸ். சிறப்பு முகாமுக்கு ஒரு கிராமத்துக்குப் போனபோது, யாரும் கேட்காத சமையல் பொறுப்பை அவன்தான் கேட்டு வாங்கினான். ஏழு நாள், 25 பிள்ளைகள், சமுதாயக் கூடத்துக்குப் பின்னால் கல்லுக் கூட்டி அடுப்பு. ஆளுக்கு வேளைக்கு 150 கிராம் அரிசி என்று சமைக்க வந்த அம்மா சொன்னார். 'மூணே முக்கால் கிலோ' என்றான் பையன். பலகையில் இதே கணக்கைப் போட்டால் திருதிருவென்று முழிக்கிறவன். மூன்றாம் நாள் கண்மாய்க்கரையில் கருவேலம் வெட்டுகிற வேலைக்கு ஊர்க்காரர்கள் ஒன்பது பேர் சேர்ந்துகொண்டார்கள். மதியம் அவர்களுக்கும் சேர்த்துச் சோறு. 'சார், அஞ்சு கிலோ நூறு கிராம். இப்படியே போனா ஆறாம் நாள் ராத்திரிக்கு இடிக்கும்.' மூட்டையைக் கையால் அமுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னான். ஆறாம் நாள் இடிக்கத்தான் செய்தது. ஆனால் அதற்கு முந்தின நாளே அவன் கடைக்காரரிடம் பேசி ரவை வாங்கி வைத்துவிட்டான், ராத்திரிக்கு உப்புமா. வாங்கியதற்கெல்லாம் துண்டுச்சீட்டு, ஒரு நாற்பது பக்க நோட்டில் வரவு செலவு, கடைசியில் மீதி பதினோரு ரூபாயை என் மேசையில் கொண்டுவந்து வைத்தான். அதற்குப் பிறகு அவன் கணக்கில் சதம் அடித்தான் என்றெல்லாம் கதை விடப்போவதில்லை. பொதுத்தேர்வில் பாஸ் ஆனான், அவ்வளவுதான். ஆனால் விகிதம் என்று நான் தொண்டை வறள நடத்தியது எதற்கு என்று அவனுக்கு அந்த அடுப்படியில்தான் தெரிந்தது. எனக்கும் அங்கேதான் தெரிந்தது.

என்.எஸ்.எஸ். என்றால் குப்பை பொறுக்குவது என்று தாளாளர் ஒரு வரியில் ஒதுக்குகிறார். காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969இல் தொடங்கிய திட்டம் அது. ஒரு மாணவர் இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும், ஒரு சிறப்பு முகாமில் ஏழு நாள் தங்க வேண்டும். ஊராட்சித் தலைவரிடம் அனுமதி வாங்குவது, முன்பின் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டிக் கேள்வி கேட்பது, பக்கத்துப் பிள்ளையோடு சண்டை போட்டு அன்று ராத்திரியே அதே பாயில் படுப்பது, இதெல்லாம் அந்த மணிக்கணக்குக்குள் அடக்கம். குப்பையும் பொறுக்குகிறார்கள். அதில் என்ன கேவலம்?

வாசிக்கவே தெரியாத பிள்ளைக்கு எதற்கு இலக்கிய மன்றம் என்ற கேள்விக்குப் பதில் எளிது: அந்தப் பிள்ளைக்குத்தான் இலக்கிய மன்றம். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியிடம் நாளிதழைக் கொடுத்து, நாளைக்குக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நீதான் செய்தி வாசிக்கிறாய் என்று சொல்லிப் பாருங்கள். 'உச்ச நீதிமன்றம்' என்பதை அன்று ராத்திரி அம்மாவிடமும் அண்ணனிடமும் பக்கத்து வீட்டு அக்காவிடமும் கேட்டு எத்தனை தடவை சொல்லிப் பார்ப்பாள் என்று அப்போது தெரியும். பாடப்புத்தகத்துக்காக அவள் அந்தப் பாடு படமாட்டாள். ஊரே பார்க்க மைக் முன்னால் நிற்க வேண்டியிருப்பதால் படுகிறாள். முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிப்பும் கணக்கும் வரவேண்டும் என்று 2022இல் கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டமே ஆடல், பாடல், பொம்மை, கதை என்றுதான் போகிறது. உட்கார வைத்துத் திரும்பத் திரும்ப எழுத வைப்பதால் மட்டும் எழுத்து ஏறுமானால் அது எப்போதோ ஏறியிருக்கும். அதைத்தானே தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தோம்.

ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்காக 2022இல் தொடங்கிய வானவில் மன்றத்தையும் தாளாளர் விடவில்லை. வெளியிலிருந்து கருத்தாளர் ஒருவர் பையில் பொருட்களோடு வந்து ஏதோ வித்தை காட்டிவிட்டுப் போகிறாராம். ஆய்வகம் என்ற அறையையே பார்க்காத நடுநிலைப் பள்ளிகளில் பிள்ளைகள் காந்தத்தையும் லென்ஸையும் கையில் தொடுவது அந்தப் பையிலிருந்துதான். அவர் பள்ளியில் அறிவியல் ஆய்வகம் இருக்கிறது, குளிர்சாதன வசதியோடு. இருப்பவருக்கு இல்லாதவனின் பை வித்தையாகத் தெரிவதில் வியப்பில்லை.

பெற்றோர் மதிப்பெண்ணைத்தான் கேட்கிறார்கள் என்பது பாதி உண்மை. கேட்கிறார்கள். கேட்கத் தெரிந்தது அதுதான். மதிப்பெண்ணுக்கு அப்புறம் என்ன கேட்பார்கள் என்று அவர்களுக்குச் சொல்ல வீட்டில் ஆளில்லை. குடிமைப் பணித் தேர்வின் மொத்தம் 2025 மதிப்பெண்ணில் 275 ஆளுமைத் தேர்வுக்கு, அதாவது எதிரே உட்கார்ந்து பேசுவதற்கு. ராணுவ அதிகாரித் தேர்வில் ஐந்து நாள் கூடவே வைத்துக்கொண்டு, கூட்டத்தில் ஒருவன் எப்படி நடந்துகொள்கிறான் என்று பார்க்கிறார்கள், என்.சி.சி. 'சி' சான்றிதழ் வைத்திருப்பவருக்கு எழுத்துத் தேர்வு இல்லாமலே அங்கே போக ஒரு தனி வழி உண்டு. காவலர் தேர்விலும் என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்குத் தனி மதிப்பெண் தருகிறார்கள். கல்லூரியில் வேலைக்கு ஆளெடுக்க வரும் கம்பெனி முதலில் செய்வது பத்துப் பேரை வட்டமாக உட்கார வைத்துப் பேசச் சொல்வது. அந்த வட்டத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பது யார் வீட்டுப் பிள்ளை என்று தாளாளருக்கு நன்றாகத் தெரியும். அவர் பள்ளிப் பிள்ளை இல்லை. 'ஏழைக்கு மதிப்பெண் போதும்' என்பது ஏழை மேல் இரக்கப்பட்டுச் சொல்வதுபோல ஒலிக்கிறது. போட்டியில் பாதிப் பேரைக் கதவுக்கு வெளியிலேயே நிறுத்திவிடும் வசதியும் அதில் இருக்கிறது.

இனி அந்த விஷம். தலைமைக் குணம் பிறவியில் வரவேண்டும்.

இந்த வாக்கியத்தைத் தமிழ்நாட்டில் உட்கார்ந்துகொண்டு எழுத ஒருவருக்கு எப்படிக் கை வந்தது? மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தல் என்ற நான்கு ஊராட்சிகளில் 1996இலிருந்து 2006 வரை தலைவர் தேர்தலையே ஒழுங்காக நடத்த முடியவில்லை. அந்தப் பதவியை ஆதிதிராவிடர்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள் என்பதுதான் காரணம். அப்படியே ஒதுக்கிய மேலவளவில் தேர்தலில் நின்று ஜெயித்துத் தலைவரான முருகேசனை 1997இல் வெட்டிக் கொன்றார்கள். அவரோடு இருந்தவர்களையும் சேர்த்து. தலைமை பிறவியில் வருவது என்று உறுதியாக நம்பியவர்கள் செய்த காரியம் அது. தாளாளர் அந்த அர்த்தத்தில் எழுதவில்லை என்று அவருக்காக யாராவது வாதாட வரலாம். எந்த அர்த்தத்தில் எழுதினார்? பிறவியில் வரும் குணம் எந்தெந்தத் தெருவில் பிறக்கிறது என்று அவர்தான் விளக்க வேண்டும்.

பள்ளிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பவர்கள் நாங்குநேரியை நினைத்துக்கொள்ளட்டும். 2023 ஆகஸ்டில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனை அவன் வீட்டுக்குள் புகுந்து அரிவாளால் வெட்டியவர்கள் அவனோடு ஒரே பள்ளியில் படித்த பிள்ளைகள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. எல்லோரும் ஒரே பாடத்தைத்தான் படித்தார்கள்; போர்ஷன் குறித்த தேதியில் முடிந்திருக்கவும் கூடும். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் சாதிக்கு ஒரு நிறமாகக் கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கயிற்றை அறுத்துவிடலாம், பத்து நிமிட வேலை. அறுத்த பிறகு அந்தப் பிள்ளைகளை எதில் சேர்த்து நிறுத்துவது? அரசுப் பள்ளிகளில் 2024இல் கொண்டுவந்த மகிழ் முற்றம் பிள்ளைகளைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுவாகப் பிரிக்கிறது. தாளாளருக்கு இது சிரிப்பாக இருக்கிறது. திணை பிரித்து விளையாடுகிறார்களாம். மேலத்தெருப் பையனும் காலனிப் பெண்ணும் முல்லைக்காக ஒன்றாக நின்று கத்துவது எங்கள் ஊரில் விளையாட்டு இல்லை ஐயா. வேறு எந்த இடத்திலும் அவர்கள் ஒரே பக்கம் நின்றதில்லை.

ஐந்து குழு வைத்ததால் சாதி ஓடிவிடும் என்று நான் சொல்லவில்லை. குழுத் தலைவர் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வகுப்பில் முதலில் வருகிற பிள்ளை, ஊரில் பெரிய வீட்டுப் பிள்ளை, தலைமையாசிரியருக்குத் தெரிந்தவர் பிள்ளை என்று வழக்கமான மூன்று முகத்தையே எல்லாப் பதவிக்கும் நிறுத்தினால் தாளாளரின் பிறவிக் கொள்கைக்கு நாமே மாலை போட்ட மாதிரி. பொறுப்பு சுற்றில் வரவேண்டும். திக்கிப் பேசுகிறவனுக்கும் வரவேண்டும். ஒரு மாதம் சொதப்புவான், பரவாயில்லை. பெரியவர்கள் அஞ்சு வருடம் சொதப்புவதைப் பொறுத்துக்கொள்கிறோமே.

தாளாளர் எழுதியதில் ஒரு பத்தி மட்டும் உண்மை. ஆசிரியர்களுக்கு வேலைப் பளு என்கிறார். ஆமாம். ஆனால் பளு மன்றத்தால் வரவில்லை. மன்றம் நடந்தது என்று காட்டுவதால் வருகிறது. போட்டோ எடு, எமிஸ் என்ற கல்வித்துறைத் தளத்தில் ஏற்று, சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கும், திரும்ப ஏற்று, வாட்ஸப் குழுவில் போடு, மதியத்துக்குள் போடாத பள்ளிகளின் பட்டியல் வரும். பிள்ளை பேசி முடித்துவிட்டாள், படம் சரியாக விழவில்லை என்று திரும்ப மைக்கைப் பிடிக்கச் சொன்ன கண்ணராவியும் நடந்திருக்கிறது. இதை நிறுத்தச் சொல்லித் தாளாளர் எழுதியிருந்தால் எங்கள் சங்கமே அவருக்குச் சால்வை போர்த்தியிருக்கும். அவரோ பதிவேற்றத்தை விட்டுவிட்டு மன்றத்தை எடுக்கச் சொல்கிறார்.

அவருடைய பள்ளியின் சேர்க்கை நோட்டீஸ் ஒன்று எங்கள் தெருவுக்கும் வந்தது. வழவழப்பான தாள். முதல் பக்கத்தில் கோட்டு போட்ட பிள்ளைகள், தோளில் குறுக்கே பட்டை, நெஞ்சில் பேட்ஜ். ஓய்வுபெற்ற காவல்துறை அதிகாரி ஒருவர் ஹெட் கேர்ளுக்குக் கொடியைக் கொடுக்கிறார். உள்ளே லீடர்ஷிப் புரோகிராம், பப்ளிக் ஸ்பீக்கிங், ரோபோட்டிக்ஸ், ஸ்கேட்டிங், நான்கு ஹவுஸ், ஸ்டூடண்ட் கவுன்சில். கட்டணப் பட்டியலில் இதற்கெல்லாம் தனியாக ஒரு வரி. தலைமைக் குணம் பிறவியில் வருவதென்றால் அந்த வரிக்கு எதற்காகக் காசு வாங்குகிறார்? அடுத்த வருட நோட்டீஸிலிருந்து இவை அத்தனையையும் எடுத்துவிட்டு, 'இங்கே பாடம் மட்டும்' என்று அச்சடித்து வீடு வீடாகக் கொடுக்கட்டும். எத்தனை அட்மிஷன் விழுகிறது என்பதையும் இதே பத்திரிகையில் எழுதட்டும். எங்கள் வானவில் மன்றத்தை மூடுவதா வேண்டாமா என்பதை அப்புறம் உட்கார்ந்து பேசலாம்.